வாய்தாவின் கணக்கு

1972-இல் பெங்களூர்க் குடிநீர் வடிகால் வாரிய ஊழியர்கள் சிலர் நகரின் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி வாரியம் அவர்களுக்கு அபராதம் விதித்து, பணத்தையும் பிடித்திருந்தது. எங்களை முறைப்படி விசாரிக்காமல் தண்டித்தது தவறு, பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வாரியம் வேறொரு கேள்வியைக் கிளப்பியது. குடிநீர் தருவது அரசின் அடிப்படைச் சேவை, அது ‘தொழில்’ ஆகாது. எனவே இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்றது. தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரியம் உயர் நீதிமன்றம் போய் அங்கும் தோற்றது. உச்ச நீதிமன்றம் போனது. ஏழு நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். 1978 பிப்ரவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பைத்தான் தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் இன்றும் ‘பெங்களூர் வாட்டர் சப்ளை’ என்கிறார்கள். மருத்துவமனை, கல்வி நிலையம் வரை ‘தொழில்’ என்பதன் எல்லையை விரித்து, லட்சக்கணக்கானவர்களுக்குச் சட்டத்தின் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு அது.

அதன் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனுப் போட்டவர்களின் பக்கம் நின்று காலத்தை எண்ணிப் பார்த்தால், ஆறு ஆண்டுகளில் தீர்ந்தது ஒரே ஒரு கேள்வி: இந்த வழக்கை விசாரிக்கலாமா, கூடாதா?

சட்டம் காலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டதல்ல. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947-இன் தொழில் தகராறுகள் சட்டப்படி சமரச அதிகாரி 14 நாளில் தன் வேலையை முடித்து அறிக்கை தர வேண்டியிருந்தது. தனி ஒரு தொழிலாளியின் தகராறை அரசு நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது மூன்று மாதத்துக்கு மேற்படாத கெடுவைக் குறிக்க வேண்டியிருந்தது. 1984 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இது. தீர்ப்பை 30 நாளில் அரசு வெளியிட வேண்டியிருந்தது. அதற்கடுத்த 30 நாளில் அது அமலுக்கு வந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மாதம்கூட ஆகாது. மூன்று மாதக் கெடுவைச் சொன்ன அதே பிரிவில் இன்னொரு வரியும் இருந்தது: கெடு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த வழக்கும் காலாவதியாகாது. அது தேவையான பாதுகாப்புதான். கெடு தவறினால் வழக்கே செத்துப்போகும் என்றிருந்தால் முதலில் அடிபடுபவர் தொழிலாளி. ஆனால் அந்த வரியோடு கெடுவின் பல்லும் போய்விட்டது.

நடப்பு எப்படி என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று. சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 2015-இல் வேலை இழந்த பொறியாளர் ஒருவருக்கு, மீண்டும் பணியும் சம்பளமும் தரச் சொல்லித் தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022-இல். இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட வாய்தாக்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில்கள் இரண்டு. நீதிபதிகள் போதவில்லை, வக்கீல்கள் வாய்தா வாங்குகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் காத்திருத்தலுக்கென்றே நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் அறிவியல் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால், யாரையும் குற்றவாளியாக்காமலே, தாமதம் எங்கே பிறக்கிறது என்று காட்ட முடிகிறது. எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

அந்த அறிவியல் ஒரு டெலிபோன் நிலையத்தில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதர் அக்னர் கிராருப் எர்லாங்குக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: ஊரில் இத்தனை பேர் பேசுகிறார்கள் என்றால் எத்தனை இணைப்புகள் வைக்க வேண்டும்? அழைப்புகள் எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தத் தாறுமாறுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் 1909-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். வரிசைக் கோட்பாட்டின் தொடக்கம் அது.

அதன் மிக எளிய விதியை அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவினார். ஓர் இடத்துக்குள் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்களோ, அது வருகையின் வேகத்தை ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். அவ்வளவுதான். கணக்குக்காக ஒரு நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 40 வழக்குகள் புதிதாக வருகின்றன, 40 முடிகின்றன, அலமாரியில் எப்போதும் 1,600 கட்டுகள். ஒரு வழக்கு சராசரியாக அங்கே இருக்கும் காலம் 1,600-ஐ 40-ஆல் வகுத்தால் வரும்: 40 மாதம். நீதிபதி கண்டிப்பானவரா, வக்கீல்கள் நேரத்துக்கு வருகிறார்களா, எதுவுமே தெரிய வேண்டாம். வெளியே நின்று உள்ளே போவதையும் வருவதையும் எண்ணினால் போதும்.

அடுத்த விதி அவ்வளவு சாதுவானதல்ல. ஒரே ஒருவர் வேலை செய்யும் இடம், வருகை தாறுமாறானது, ஒவ்வொரு வேலைக்கும் சராசரி ஒரு நாள் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால் வருபவர் சராசரியாக ஒரு நாள் காத்திருப்பார். 80 விழுக்காடு நிரம்பினால் 4 நாள். 90 என்றால் 9 நாள். 95 என்றால் 19. 99 விழுக்காட்டில் 99 நாள். 90-இலிருந்து 99-க்கு, வேலைப்பளு பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏறும் இடத்தில் காத்திருப்பு பதினோரு மடங்காகிறது. பெங்களூர்க்காரர்களுக்கு இதை சில்க் போர்டு சந்திப்பு தினமும் கற்றுத் தருகிறது: காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் சேரும் வண்டிகளைவிடப் பல மடங்கு அதிகமாகக் கூடிவிடுகிறது கடக்கும் நேரம். வழக்குகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடும்போது நிலைமை மேலும் மோசமாகும் என்று பிரிட்டனின் ஜான் கிங்மன், அதே 1961-இல், ஒரு சூத்திரத்தில் காட்டினார். தொழிலாளர் நீதிமன்றத்தில் இந்த மாறுபாடு அதிகம். ஒரு கண்டக்டரின் பணிநீக்க வழக்கும், பலரைச் சேர்த்துப் பாதிக்கும் தகராறும் ஒரே நாள் பட்டியலில் நிற்கும். ஓர் ஆலை மூடப்பட்டால் ஒரே வாரத்தில் பாக்கி கேட்டு மனுக்கள் குவியும்.

ஆகவே நீதிபதியின் நாட்காட்டியை இடைவெளியே இல்லாமல் நிரப்பிவிட்டால் திறமையாக நடத்துகிறோம் என்று நினைப்பது தவறு. கொஞ்சம் காலி நேரம் இருந்தால்தான் வரிசை நகரும்.

இதே கணக்கில் காலிப் பணியிடத்தைப் போட்டுப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனத்தது. மேலே சொன்ன நீதிமன்றத்தில் தலைமை அலுவலரான நீதிபதி மாற்றலாகிப் போகிறார். ஆறு மாதம் இடம் காலி. பக்கத்துக் கோர்ட்டு நீதிபதி கூடுதல் பொறுப்பில் வாய்தா மட்டும் போட்டுத் தருகிறார். மாதம் 40 வீதம் 240 வழக்குகள் சேர்ந்துவிடும். புதியவர் வந்து, முன்னவரைவிட முனைப்பாக மாதம் 42 முடிக்கிறார் என்றே வையுங்கள். வருவதுபோக மிச்சம் இரண்டு. 240-ஐ இரண்டால் வகுத்தால் 120 மாதம். ஆறு மாதக் காலியிடத்தின் பாதிப்பு பத்தாண்டு நீள்கிறது. ஒரு நியமன ஆணை மேசையில் கிடக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் யாரோ ஒருவர் பின்னால் பல வாரம் தருகிறார். அந்தத் தாமதத்தை வெறும் நிர்வாகக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இனி வாய்தாவுக்கு வருவோம். ஒரு தேதியில் உருப்படியான வேலை நடக்க ஐந்து பேர் அல்லது பொருள்கள் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும்: நீதிபதி, தொழிலாளியின் பிரதிநிதி, நிர்வாகத்தின் வக்கீல், சாட்சி, ஆவணங்கள். ஒவ்வொன்றும் பத்தில் எட்டு முறை தயாராக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அளவுதான் அது. யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்தும் சேர்ந்து தயாராக இருப்பது 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வழக்குக்கு உருப்படியான அமர்வுகள் 12 தேவை என்றால், 36, 37 தேதிகள் போட வேண்டியிருக்கும். தேதிக்குத் தேதி ஆறு வாரம் என்றால் நான்கு ஆண்டுக்கு மேல். இதே கணக்கில் ஒவ்வொருவரும் பத்தில் எட்டுக்குப் பதில் ஒன்பது முறை தயாரானால்? இருபது தேதிகள். இரண்டு ஆண்டும் நாலைந்து மாதமும். ஆளுக்குக் கொஞ்சம், வழக்குக்கு ஏறக்குறைய பாதி. முதல் நாள் ஒரு போன் போட்டு, ‘நாளைக்குச் சாட்சி வருகிறாரா’ என்று உறுதிசெய்யும் ஏற்பாட்டுக்கு இவ்வளவு பலன் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்புவது கடினம்.

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. பத்து வழக்குகள், ஒவ்வொன்றுக்கும் பத்து அமர்வு, நாளுக்கு ஓர் அமர்வு. நீதிபதி ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், முதல் வழக்கு 10-ஆம் நாள் முடியும், இரண்டாவது 20-இல், கடைசி 100-இல். சராசரி 55 நாள். எல்லாருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு நாள் சுற்றிச் சுற்றி எடுத்தால், முதல் வழக்கு 91-ஆம் நாள் முடியும், கடைசி 100-ஆம் நாள். சராசரி 95.5 நாள். உழைப்பு ஒன்றே; மொத்த நாள் ஒன்றே. கடைசியில் முடிந்த வழக்கு இரண்டு முறையிலும் அதே 100-ஆம் நாளில்தான் முடிகிறது. மற்ற ஒன்பது பேர் மட்டும் வீணாகக் காத்திருந்தார்கள். பட்டியலில் தினமும் எல்லாரையும் கொஞ்சம் நகர்த்துவது நியாயமாகத் தோன்றுகிறது. கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கா என்று இத்தாலியில் சோதித்தார்கள், அதுவும் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே. டேச்சியோ கொவியெல்லோ, ஆந்திரேயா இக்கினோ, நிக்கோலா பெர்சிகோ என்ற மூன்று பொருளியலாளர்கள் மிலான் நகரத் தொழிலாளர் நீதிபதிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தருவதால், ஒருவருக்கு எளிய வழக்கு, மற்றவருக்குக் கடினம் என்று சொல்ல இடமில்லை. ஒரே நேரத்தில் அதிக வழக்குகளைத் திறந்துவைத்துக்கொண்ட நீதிபதிகளிடம் வழக்குகள் நீண்டன. 2014-இல் அது வெளியானது. அடுத்து ராபர்ட் பிரே என்பவரும் சேர்ந்துகொள்ள, ரோம் மேல்முறையீட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகளைச் சம்மதிக்க வைத்தார்கள். அதுவரை ஓர் அமர்வு முடிந்ததும் வழக்கின் அடுத்த அமர்வு வரிசையின் கடைசிக்குப் போகும். புதிய முறையில் பழைய வழக்கு தன் மூப்பை இழக்காது. அதன் அடுத்த அமர்வு இளைய வழக்குகளுக்கு முன்னால் நிற்கும். மாற்றம் அவ்வளவுதான். புதிய நீதிபதி இல்லை, புதிய கட்டடம் இல்லை, கூடுதல் செலவில்லை. எட்டு ஆண்டுகள் கவனித்து, மற்ற 44 நீதிபதிகளோடு ஒப்பிட்டார்கள். வழக்கின் சராசரிக் காலம் 12 விழுக்காடு குறைந்தது. அவசரத்தில் தரம் கெட்டதா என்று பார்த்தால், உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போவதும் சற்றுக் குறைந்திருந்தது.

நம் பணிநீக்க வழக்குகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு: ஒரு வழக்குக்குள் இரண்டு விசாரணைகள். நிறுவனம் முதலில் உள்விசாரணை நடத்தித்தான் ஆளை நீக்கியிருக்கும். அந்த உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் கூப்பர் எஞ்சினியரிங் வழக்கில் சொன்னது. முறையாக நடக்கவில்லை என்றால், குற்றச்சாட்டையே நீதிமன்றத்தில் புதிதாக நிரூபிக்க நிர்வாகத்துக்கு வாய்ப்பு உண்டு. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில் 2001-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு வரம்பு கட்டினார்கள்: அந்த இரண்டாம் வாய்ப்பு வேண்டுமென்றால் நிர்வாகம் தன் எதிர்வாத உரையிலேயே கேட்டுவிட வேண்டும், கடைசி நேரத்தில் அல்ல. டில்லியில் 1969-இல் வேலை இழந்த ஒருவரின் வழக்கு, ‘இவர் சட்டப்படி தொழிலாளியா’ என்ற முன்கேள்வியிலேயே மாட்டி 1983 வரை இழுத்தது. அதைக் கேட்ட நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, முன்கேள்விகளைத் தனியாகப் பிரித்து மேலே மேலே கொண்டுபோகும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். எல்லாக் கேள்விகளையும் சேர்த்தே விசாரித்து முடியுங்கள் என்றார்.

தாமதம் வழக்கை நீட்டுவதோடு நிற்பதில்லை, கிடைக்கும் தீர்வையே மாற்றிவிடுகிறது. ஆறு மாதத்தில் தீர்ந்தால் ‘மீண்டும் வேலையில் சேர்’ என்பது இயல்பான உத்தரவு. பத்தாண்டு கழிந்தால் அந்த மெஷினே இருக்காது. சில வேளை ஆலையே இருக்காது. பெங்களூரின் என்.ஜி.ஈ.எஃப், எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை எல்லாம் ஒரு தலைமுறைக்குள் போனவை. ஓய்வு வயது கடந்தவரை எங்கே சேர்ப்பது? ஒரு தொகையைக் கொடுத்து முடிப்பதுதான் வழி. பின்சம்பளம் கேட்கும்போது, ‘இடையில் வேறு வேலை பார்த்தாயா’ என்ற கேள்வி வரும். பிள்ளைகளுக்குச் சோறு போட ஆட்டோ ஓட்டியிருந்தால் அதுவே எதிர்த் தரப்பின் ஆயுதம். நீதிமன்றத் தாமதத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல, அதற்காகப் பின்சம்பளத்தை மறுக்கக் கூடாது என்று தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான வார்த்தை அது. இன்னும் பல ஆணைகளை அது எட்ட வேண்டும்.

வரிசையைக் குறைக்க ஒரு கெட்ட வழியும் உண்டு: வாசலை அடைப்பது. பிரிட்டன் 2013-இல் வேலைத் தீர்ப்பாயங்களுக்குக் கட்டணம் வைத்தது. வழக்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டணமே சட்டவிரோதம் என்று ரத்து செய்தது. கர்நாடகம் எதிர்த் திசையில் போனது. மற்ற பல மாநிலங்களில் பணிநீக்கம் ஆனவர், அரசு தன் வழக்கை அனுப்பிவைக்கும்வரை காத்துக்கிடந்தபோது, இங்கே 1988 முதலே ஆறு மாதத்துக்குள் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று மாநிலத் திருத்தம் வந்தது. நாடு முழுவதும் அந்த உரிமை வர 2010 ஆனது. வாசல் திறந்தால் வரிசை உள்ளே நீளும் என்பது உண்மைதான். ஆனால் மறுக்கக்கூடிய ஓர் அலுவலகத்தின் வெளியே நிற்பதும், பதில் சொல்லியே தீர வேண்டிய நீதிமன்றத்துக்குள் நிற்பதும் ஒன்றல்ல.

2025 நவம்பர் 21 முதல், 1947-இன் சட்டத்துக்குப் பதிலாக, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றம் என்ற தனி அமைப்பு போய், அதன் வேலையையும் தீர்ப்பாயமே பார்க்கும். அதில் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாக உறுப்பினர் ஒருவர். பணிநீக்கம், ஆட்குறைப்பு, ஆலை மூடல் போன்றவற்றை இருவரும் சேர்ந்த அமர்வு விசாரிக்க வேண்டும். வரிசைக் கணக்கின்படி இது எனக்குக் கவலை தருகிறது. ஒரே நேரத்தில் தயாராக வேண்டிய ஐந்து இப்போது ஆறு. முன்பு போட்ட அதே 0.8-ஐ இன்னொரு முறை பெருக்கினால், 36 தேதிகள் 45 ஆகும். நான்கு சொச்சம் ஆண்டு ஐந்தைத் தாண்டும். இருவரும் தனித்தனியாக அமர்ந்தால் இரண்டு வரிசை நகர்ந்திருக்கும். இரண்டு பேரின் அறிவு ஒரு வழக்குக்குக் கிடைப்பதில் பயன் இருக்கலாம். அந்தப் பயனுக்கான விலையை முன்கூட்டியே எடைபோட்டு, கூடுதல் அமர்வுகளை ஏற்படுத்தினால்தான் காத்திருப்பவர்கள் தலையில் அது விழாது.

ரோம் வழி இங்கே பலிக்குமா என்பதைச் சோதித்தே அறிய முடியும். அந்த விதி வேலை செய்தது ஒரு காரணத்தால்: அங்கே ஒவ்வோர் அமர்வும் வழக்கை முடிவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனது. பெங்களூர் வழக்குகளில் பத்தாவது தேதியில் நிற்பது ஐந்தாவதில் நிற்பதைவிட முடிவுக்கு அருகில் இருக்கிறதா, அல்லது எங்கோ நடுவில் தேங்கிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கான தரவு எல்லாம் ஒவ்வொரு வழக்குக் கட்டின் ஆர்டர் ஷீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது: தேதி, யார் வந்தார், யார் வரவில்லை, எதற்காகத் தள்ளிவைக்கப்பட்டது. இப்படி நீதிமன்றத் தேதிகளைத் திரட்டி ஆராயும் ‘தக்ஷ்’ என்ற அமைப்பு இதே ஊரில்தான் இருக்கிறது. இந்திய நீதித்துறையின் நிலை குறித்து 2016-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. பழைய வழக்குகள் புதிய தீர்ப்பாயத்துக்கு மாறும் இந்தச் சமயத்தில் கட்டுகளை எப்படியும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதிய வேண்டும். பதியும்போதே ஆர்டர் ஷீட்டின் தேதிகளையும் காரணங்களையும் சேர்த்துப் பதிந்துவிடலாம். பிறகு புது வழக்குகளைக் குலுக்கிப் பிரித்து, பாதி அமர்வுகளில் மூத்த வழக்குக்கு முன்னுரிமை, பாதியில் இப்போதைய முறை என்று மூன்று ஆண்டு நடத்திப் பார்க்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். நாட்காட்டியை எழுதும் கை சம்மதித்தால் போதும்.